அத்தியாயம் 7: சிலிண்டருக்குள் என்ன காற்று?

சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை அழுத்தமானி காட்டிவிடும். அது எப்படிப்பட்ட காற்று என்பதைக் காட்டாது. அதை நீங்கள்தான் கரையிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீருக்குள் போனபின் கெட்ட காற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் கிடையாது. அது வேலையைக் காட்டத் தொடங்கும்போது, ஆபத்தை உணர வேண்டிய மூளைதான் முதலில் மந்தமாகிறது.

இந்த அத்தியாயத்தை இரண்டு பேரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர், புதுச்சேரியிலோ ராமேஸ்வரத்திலோ நிலாவெளியிலோ சொந்தமாக ஒரு சிறிய கம்ப்ரசர் வைத்து சிலிண்டர் நிரப்புபவர். இன்னொருவர், அப்படி ஓரிடத்தில் சிலிண்டரை வாடகைக்கு வாங்கிக் கடலில் இறங்குபவர். இரண்டாமவருக்கு நேரமில்லை என்றால் சோதனை பற்றிய பகுதியையும், தலைவலி வந்தால் செய்ய வேண்டியது பற்றிய பகுதியையுமாவது படித்துவிட வேண்டும்.

கோட்பாடு இவ்வளவு போதும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் 4 பார். நீங்கள் மூச்சிழுக்கும் காற்றில் கலந்துள்ள அசுத்தமும் அங்கே நான்கு மடங்காக உடம்பைத் தாக்கும். சிலிண்டரில் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு, கார்பன் மோனாக்சைடு இருந்தால், 30 மீட்டரில் அது கரையில் 40 பிபிஎம் சுவாசிப்பதற்குச் சமம்.

இந்த வாயு ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. ஆழத்தில் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடியிருப்பதால், ரத்த நீரில் கரைந்த ஆக்சிஜன் கொஞ்ச நேரம் ஆளைத் தாங்கிப் பிடிக்கும். மேலே வரும்போது அந்தத் தாங்கல் போய்விடுகிறது. பற்றிய நஞ்சு போவதில்லை. கீழே நன்றாக இருந்தவர் ஏறும் வழியில் மயங்கிவிழுவது இதனால்தான்.

ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஈ.என். 12021 தரம், சுவாசக் காற்றுக்கு வைத்துள்ள எல்லைகள் இவை. கம்ப்ரசர் அறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

- ஆக்சிஜன்: 20 முதல் 22 சதவீதம்
- கார்பன் மோனாக்சைடு: அதிகபட்சம் 5 பிபிஎம்
- கார்பன் டை ஆக்சைடு: அதிகபட்சம் 500 பிபிஎம்
- எண்ணெய்: கனமீட்டருக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம்
- ஈரம்: 200 பார் சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் கனமீட்டருக்கு அதிகபட்சம் 25 மில்லிகிராம்
- குறிப்பிடத்தக்க வாடையோ சுவையோ இருக்கக் கூடாது

அமெரிக்காவில் புழங்கும் 'கிரேடு ஈ' தரம் கார்பன் மோனாக்சைடை 10 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. இரண்டில் கடுமையானதையே வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று உறிஞ்சும் வாய்

கெட்ட காற்றுக்கு முதல் காரணம் இயந்திரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கம்ப்ரசர் எந்த இடத்திலிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்பதை அதற்கு முன்னால் பார்க்க வேண்டும். வாய்க்குள் போகும் காற்று சுத்தமாக இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

1. கம்ப்ரசரைச் சுற்றி நடந்து, புகை வரக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கம்ப்ரசரின் சொந்த பெட்ரோல் எஞ்சின், ஜெனரேட்டர், படகு எஞ்சின், வண்டி நிறுத்துமிடம், சமையலறைப் புகைபோக்கி, குப்பை எரிக்கும் மூலை, பெயின்ட் அல்லது ஃபைபர் பூச்சு வேலை நடக்கும் கொட்டகை. கடற்கரை ஊர்களில் இந்தக் கடைசி இரண்டும் ஏதாவதொரு பக்கம் இருந்தே தீரும்.
2. உறிஞ்சு குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள். வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும். மழைத் தண்ணீர் இறங்காது. பூச்சி புகாமல் வலை கட்டுங்கள்.
3. குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கம்ப்ரசர் கையேட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். நீளமான, ஒல்லியான குழாய் காற்றோட்டத்தை நெரிக்கும், கம்ப்ரசர் சூடேறும். சூடு என்ன செய்யும் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.
4. வாசனை வரும் ரப்பர் குழாய், பழைய பெட்ரோல் குழாய், தோட்டத்துக் குழாய் எதையும் இங்கே பொருத்தாதீர்கள்.
5. ஒவ்வொரு முறை நிரப்பத் தொடங்குமுன் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். எஞ்சின் புகை உறிஞ்சு வாய்ப் பக்கம் வருமானால் கம்ப்ரசரைத் திருப்பி வையுங்கள், முடியாவிட்டால் காத்திருங்கள்.

ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காலையில் கரைக்காற்று வீசும்போது சரியாக இருந்த அமைப்பு, மதியம் கடற்காற்று திரும்பியதும் தப்பாகிவிடும். நம் கரையில் இது கிட்டத்தட்ட அன்றாடம் நடப்பது. பெட்ரோலில் ஓடும் சிறிய கம்ப்ரசரைப் படகுத் தளத்தில் வைத்து நிரப்புபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நங்கூரமிட்ட படகு திரும்பும்போது புகை போகும் பக்கமும் திரும்பும். அங்கே ஓர் ஆள் நின்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கதவடைத்த அறைக்குள்ளிருந்தே காற்றை உறிஞ்சும் அமைப்புகளையும் பார்க்கலாம். வெளிக்காற்றிலேயே இப்போது கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. எல்லையோ 500. நாலு பேர் உட்கார்ந்து பேசும் மூடிய அறைக்காற்று அந்த எல்லையை எளிதில் கடக்கும். எனவே உறிஞ்சு வாய் வெளியில்தான் இருக்க வேண்டும்.

ஆயிலும் சூடும்

புகையே இல்லாத இடத்தில், மின்மோட்டாரில் ஓடும் கம்ப்ரசரிலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். பிஸ்டன் இயங்கும் இடத்தில் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகி, அரைகுறையாகக் கருகும்போது அது பிறக்கிறது. மின்மோட்டார்தானே என்ற தைரியம் வேண்டாம்.

- சுவாசக் காற்றுக் கம்ப்ரசருக்கென்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். வண்டி எஞ்சின் ஆயில் கூடவே கூடாது. அதில் சேர்க்கும் ரசாயனங்கள் நுரையீரலுக்கானவை அல்ல.
- மினரல் ஆயிலையும் சிந்தெட்டிக் ஆயிலையும் கலக்காதீர்கள். மாற்றுவதானால் கையேட்டில் சொன்ன முறையில் பழையதை முழுதாக வடித்துவிட்டு மாற்றுங்கள்.
- ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. கூடுதலாக ஊற்றினால் அது காற்றோடு சேர்ந்து மேலே ஏறும்.
- குளிர்விக்கும் விசிறிக்கும் சுவருக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். தகடுகளில் படியும் உப்பையும் தூசியையும் துடையுங்கள்.
- ஆயில் குறையும் வேகத்தைக் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால் ரிங் தேய்ந்திருக்கும். அந்த ஆயில் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள்: முதலில் ஃபில்டருக்கு, பிறகு மனிதருக்கு.

தண்ணீரும் ஃபில்டரும்

நம் கடற்கரையின் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரசர் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்படுபவை. இந்த இடைவெளியை நீங்கள்தான் கணக்கிட்டு நிரப்ப வேண்டும்.

30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் ஒரு கனமீட்டரில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். 12 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 2.4 கனமீட்டர் காற்று வேண்டும். ஆக, ஒரே ஒரு சிலிண்டரை நிரப்பும்போது 50 கிராமுக்கும் மேல் தண்ணீர் இயந்திரத்துக்குள் வருகிறது. அதில் மில்லிகிராம் கணக்கில் மட்டுமே சிலிண்டருக்குப் போகலாம். பெரும்பகுதியை வடிகால் வால்வும் மிச்சத்தை ஃபில்டரும் எடுக்க வேண்டும்.

வடிகால் வால்வைக் கையால் திறக்கும் கம்ப்ரசராக இருந்தால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்துவிடுங்கள். 15 நிமிடம் என்று கையேடு சொன்னாலும் நம் மழைக்காலத்துக்கு 10 நிமிடமே சரி. கைபேசியில் அலாரம் வையுங்கள். பால் போல வெளுத்து வரும் அந்த நீரில் ஆயில் கலந்திருக்கும். மணலிலோ கடலிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

ஃபில்டர் கார்ட்ரிட்ஜுக்குள் மூன்று சரக்குகள் இருக்கலாம். ஈரத்தை வாங்கும் மாலிக்யூலர் சீவ், ஆயில் ஆவியையும் வாடையையும் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன், கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் ஹாப்கலைட். ஹாப்கலைட் என்பது மாங்கனீசு, செம்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்த கலவை. ஈரம் பட்டால் அது செத்துவிடும். அதனால்தான் ஈரம் வாங்கும் சரக்கு அதற்கு முன்னால் இருக்கிறது. ஈரம் வாங்கும் அடுக்கு தீர்ந்த அன்றே கார்பன் மோனாக்சைடுக்கு எதிரான காவலும் தீர்ந்தது. பெட்ரோல் எஞ்சின் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் ஹாப்கலைட் உள்ள கார்ட்ரிட்ஜா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாக் கார்ட்ரிட்ஜிலும் அது இருப்பதில்லை.

கார்ட்ரிட்ஜ் இத்தனை மணி நேரம் உழைக்கும் என்று அட்டவணையில் பார்க்கும்போது, எந்த வெப்பநிலைக்கு அந்தக் கணக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் 20 டிகிரியாக இருக்கும். 20 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று கனமீட்டருக்கு 17 கிராம் தண்ணீர் சுமக்கிறது. 40 டிகிரியில் சுமார் 51 கிராம். எனவே ஃபில்டருக்கு வரும் காற்று 40 டிகிரியில் இருந்தால், கார்ட்ரிட்ஜின் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். வெளியே 30 டிகிரி இருக்கும் நாளில் ஃபில்டர் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 30 மணி நேரம் என்று போட்டிருந்தால் 10 மணி நேரத்தில் மாற்றுங்கள். செலவுதான். ஆனால் சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுவே.

கார்ட்ரிட்ஜ் மாற்றும் வரிசை:

1. கம்ப்ரசரை நிறுத்தி, ஃபில்டர் கூட்டின் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுங்கள். மானி பூஜ்யம் காட்டினாலும் வடிகால் வால்வைத் திறந்தே வைத்திருங்கள். அழுத்தத்தோடு மூடியைக் கழற்றினால் அது குண்டாகப் பறக்கும்.
2. மூடியைக் கழற்றிப் பழைய கார்ட்ரிட்ஜை எடுங்கள். எடை போட்டுக் குறித்துவையுங்கள். எவ்வளவு ஈரம் ஏறியது என்று தெரியும்.
3. கூட்டின் உட்புறத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். ஆயில் படலம் தடித்திருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றத் தாமதித்துவிட்டீர்கள்.
4. ஓ-ரிங்கில் வெட்டோ நசுக்கலோ இருந்தால் மாற்றுங்கள்.
5. புதியதன் உறையைக் கடைசி நிமிடத்தில் பிரியுங்கள். திறந்து வைத்த கார்ட்ரிட்ஜ் அறைக்காற்றின் ஈரத்தையே குடித்துத் தீர்ந்துவிடும்.
6. தேதியையும் மணிமானி எண்ணையும் கூட்டின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

வேலை முடிந்து நிறுத்தும்போது ஃபில்டரில் அழுத்தம் இருக்கும்படி விடுங்கள். மறுநாள் தொடங்கும்போது முதல் சில நிமிடக் காற்றைச் சிலிண்டருக்கு அனுப்பாமல் வெளியே விடுங்கள். ஓய்ந்திருந்த ஃபில்டர் தான் பிடித்துவைத்த கார்பன் டை ஆக்சைடைத் தொடக்கத்தில் மொத்தமாக உமிழ்வதுண்டு.

சிலிண்டரை நிரப்பும் வரிசை

1. சிலிண்டரின் தோளில் குத்தியுள்ள சோதனைத் தேதியையும் வேலை அழுத்தத்தையும் படியுங்கள். தேதி தாண்டியிருந்தால் நிரப்பாதீர்கள். பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை உட்புறப் பார்வையும் வழக்கம். இந்தியாவில் வாயு உருளை விதிகள் 2016-இன்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் சோதனை செய்ய வேண்டும்.
2. வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள். வாயிலுள்ள தண்ணீர்த் துளி பறந்துவிடும். விட்டால் அது நேரே உள்ளே போகும்.
3. காற்று சிறிதுமின்றி வந்த சிலிண்டரை நிரப்பாமல் தனியே வையுங்கள். உள்ளே கடல்நீர் புகுந்திருக்கலாம். திறந்து பார்க்காமல் தொடாதீர்கள்.
4. நிரப்பும் குழாயை மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்து, நிமிடத்துக்கு 20 முதல் 30 பார் வேகத்துக்கு மேல் போகாமல் நிரப்புங்கள்.
5. குழாய் இணைப்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள்.
6. குறித்த அழுத்தத்தில் நிறுத்தி, முதலில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயின் அழுத்தத்தை வெளியேற்றி, பிறகு கழற்றுங்கள்.

சோதனை

மூக்கில் முகர்ந்து பார்ப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. வால்வைச் சற்றே திறந்து முகருங்கள். ஆயில் வாடை, ரப்பர் வாடை, புகை வாடை வந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்கிவிடுங்கள். சுத்தமான வெள்ளைத் துணியை வால்வின் முன் பிடித்து ஒரு நிமிடம் காற்றை விடுங்கள். மஞ்சள் கறையோ ஈரமோ தெரிந்தால் ஒதுக்குங்கள். இந்த இரண்டும் கெட்டதை ஒதுக்க உதவும். நல்லது என்று சான்று தர இவற்றால் முடியாது. அதற்குக் கார்பன் மோனாக்சைடு அளவி வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் அளவில் டைவர்களுக்கென்றே விற்கிறார்கள். ஒரு நல்ல ரெகுலேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை ஆகாது. டைவ் கணினி வாங்க யோசிப்பவர் இதை முதலில் வாங்கட்டும் என்பேன்.

1. அளவியைக் கம்ப்ரசர் அறைக்கு வெளியே, வண்டிப் புகை இல்லாத திறந்தவெளியில் இயக்குங்கள். காற்று வீசும் கரை நல்ல இடம்.
2. அங்கேயே பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கையேட்டின்படி பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். புகையுள்ள அறைக்குள் பூஜ்யமாக்கினால், கெட்ட காற்றையே நல்லது என்று அளவிக்குப் பாடம் சொல்லிவிடுவீர்கள்.
3. சிலிண்டர் வால்வை மிகக் கொஞ்சமாகத் திறவுங்கள். வேகமாகச் சீறும் காற்று சென்சாரைக் குழப்பும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு இணைப்பு இருந்தால் அதை மாட்டுங்கள்.
4. எண் நிலைக்கும்வரை ஓரிரு நிமிடம் காத்திருங்கள். முதலில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.
5. ஆக்சிஜன் அளவி இருந்தால் அதையும் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடவே வேண்டாம்.
6. ஒட்டுத்தாளில் தேதி, அழுத்தம், இரண்டு எண்கள், சோதித்தவர் கையெழுத்து ஆகியவற்றை எழுதிச் சிலிண்டரில் ஒட்டுங்கள்.

முடிவு செய்யும் முறை: பூஜ்யம்தான் வர வேண்டும். 1 அல்லது 2 வந்தால் அளவியை மறுபடி வெளிக்காற்றில் சரிபார்த்துச் சோதியுங்கள். திரும்பவும் அதே எண் வந்தால் காரணத்தைத் தேடுங்கள். தரம் 5 வரை அனுமதிக்கிறதே என்று வாதிடுவதில் பயனில்லை. நேற்று பூஜ்யமாக இருந்த கம்ப்ரசர் இன்று 3 காட்டினால், நாளைக்கு எங்கே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 5-ஐத் தாண்டினால் அன்றைக்கு நிரப்பிய எல்லாச் சிலிண்டர்களையும் நிறுத்துங்கள். சேமிப்பு உருளைகள் வழியாக நிரப்புபவர்கள் அவற்றையும் காலிசெய்ய வேண்டும். கம்ப்ரசரைச் சரிசெய்துவிட்டு, பழைய காற்றுள்ள சேமிப்பிலிருந்து மறுபடி நிரப்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

அளவியின் சென்சாருக்கும் ஆயுள் உண்டு, தேதியைப் பாருங்கள். அளவு தெரிந்த சோதனை வாயுவைக் காட்டி அது ஏறுகிறதா என்று அவ்வப்போது பரிசோதியுங்கள். எப்போதும் பூஜ்யமே காட்டும் அளவி செத்ததாகவும் இருக்கலாம். ஆயில், ஈரம், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றுக்குக் கண்ணாடிச் சோதனைக் குழாய்கள் கிடைக்கின்றன; டிரேகர் குழாய் என்று கேட்டால் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றால் முழுச் சோதனை செய்யுங்கள், அல்லது ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

வாடகைக்கு வாங்குபவருக்கு ஒரு சொல். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாக ஃபில்டர் மாற்றியது எப்போது? காற்றைச் சோதித்த பதிவு இருக்கிறதா? கம்ப்ரசரைப் பார்க்கலாமா? நல்ல கடைக்காரர் பெருமையோடு காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் சிலிண்டர் வாங்க வேண்டாம்.

சிலிண்டரின் உட்புறம்

நல்ல காற்றை நிரப்பினாலும் சிலிண்டருக்குள்ளேயே அது கெடலாம். எஃகுச் சிலிண்டரில் கொஞ்சம் கடல்நீர் தங்கி, அப்படியே பல மாதம் கிடந்தால், துருப்பிடிக்கும் வேலையில் உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகிவிடும். அழுத்தமானி சரியாகக் காட்டும், மூச்சிழுப்பவர் மயங்குவார். அதனால்தான் நெடுநாள் கிடந்த சிலிண்டரை ஆக்சிஜன் அளவி வைத்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்கிறேன். பழைய காற்றைத் திறந்தவெளியில் விட்டுவிட்டு, உட்புறத்தையும் பார்த்தபின் புதிதாக நிரப்புவது இன்னும் நல்லது.

டைவ் முடியும்போது சிலிண்டரை முழுதாகக் காலிசெய்யாதீர்கள். 20 பாராவது மிஞ்சட்டும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் புகாது.

ரெகுலேட்டரின் முதல் நிலை வாயிலில் சிறிய உலோக ஃபில்டர் ஒன்று இருக்கும். அதன் நிறத்தைப் பார்க்கப் பழகுங்கள். செம்பழுப்பு என்றால் எஃகுச் சிலிண்டரில் துரு. பச்சை என்றால் உப்புநீர் உள்ளே போய்ப் பித்தளை அரிக்கிறது. சாம்பல் வெள்ளைப் பொடி என்றால் அலுமினியச் சிலிண்டரில் அரிப்பு. கறுப்பு என்றால் கம்ப்ரசர் ஃபில்டரின் கார்பன் தூள் தப்பி வருகிறது.

ரெகுலேட்டரைக் கழுவும்போது

பலர் வாயில் வைக்கும் ரெகுலேட்டரைக் கிருமிநீக்கம் செய்வது அவசியம். மருந்து மிஞ்சினால் அடுத்தவர் அதைத்தான் சுவாசிப்பார்.

1. முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவுங்கள். முதல் நிலையின் தூசு மூடி இறுக மூடியிருக்க வேண்டும்.
2. மருந்துச் சீட்டில் உள்ள அளவில் கரைத்து, சொன்ன நேரம் மட்டும் ஊறவையுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகக் கிருமி சாகும் என்பது தவறான எண்ணம், ரப்பர்தான் கெடும்.
3. ஊறும்போது பர்ஜ் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் மருந்து குழாய்க்குள் ஏறும்.
4. ஓடும் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதும் உலரவிடுங்கள்.

பிளீச்சிங் கரைசலோடு அமிலக் கழிப்பறைத் திரவத்தையோ அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும். வினிகரும் அமிலம்தான். ரெகுலேட்டரின் துருவை எடுக்க வினிகரில் ஊறவைத்தவர், அதே பக்கெட்டில் பிளீச்சிங் ஊற்றுவது எளிதில் நடக்கக்கூடியது. தனித்தனிப் பக்கெட் வையுங்கள். பெட்ரோலியம் கலந்த துருநீக்கி ஸ்பிரே, சிலிக்கான் ஸ்பிரே இரண்டையும் மூச்சு போகும் பாதையில் அடிக்க வேண்டாம்.

வெளிவிடும் மூச்சைச் சுத்தமாக்கி மறுபடி சுவாசிக்கத் தரும் ரீப்ரீதர் பயன்படுத்துபவர்களுக்கான தனி நூல்கள் உண்டு. இங்கே இரண்டே எச்சரிக்கை. அதில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் காரமானது. தண்ணீர் புகுந்தால் கரைந்து வாயைச் சுடும். வாய்க்கு வந்தால் விழுங்காமல், மாற்று ரெகுலேட்டருக்கு மாறி, கரைக்கு வந்து நிறையத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். அதன் பாகங்களை ட்ரைகுளோரோஎத்திலீனால் துடைக்கக் கூடாது. அந்தக் கரைப்பான் சோடா லைமோடு சேர்ந்தால் கொடிய நஞ்சாகும்.

ஆக்சிஜன் கூடிய காற்று

நைட்ராக்ஸ் எனப்படும் இந்தக் காற்றை நிரப்புபவர்களுக்கு எண்ணெய்தான் எதிரி. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சந்தித்தால், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் படும் வால்வு, குழாய், சிலிண்டர் எல்லாவற்றையும் ஆக்சிஜனுக்கேற்றபடி சுத்தம் செய்திருக்க வேண்டும் என்பது டைவிங் உலகில் பரவலான விதி. சுத்த ஆக்சிஜனை முதலில் விட்டு மேலே காற்றை நிரப்பும் முறையில், கடைசிக் கலவை 32 சதவீதமே ஆனாலும் சிலிண்டர் சுத்த ஆக்சிஜனைச் சந்திக்கிறது. விதி அங்கேயும் பொருந்தும். சாதாரண சிலிக்கான் கிரீஸை அங்கே தடவாதீர்கள். ஆக்சிஜனுக்கென்று விற்கும் ஃபுளோரின் வகைக் கிரீஸ்தான் வேண்டும். இந்த வேலையை நூல் படித்துத் தொடங்காதீர்கள். பயிற்சி பெற்றவரோடு நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

டயர் கம்ப்ரசரில் குளிப்பது

தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிப்பவர்கள் பலர், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வள்ளத்தில் வைத்து, நீண்ட பிளாஸ்டிக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மூச்சடக்கிக் குளித்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். கடலை அவர்களைவிட அறிந்தவர் குறைவு. அவர்களுக்குக் கிடைக்கும் காற்று மோசமானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எஞ்சினும் உறிஞ்சு வாயும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். உள்ளே வண்டி ஆயில் ஓடும். தொட்டிக்குள் துரு. சுவாசக் காற்றுக்கான ஃபில்டர் இல்லை. எஞ்சின் நின்றால் அடுத்த சில மூச்சோடு காற்றும் நிற்கும்.

இந்த இயந்திரத்தைப் பாதுகாப்பானதாக மாற்றும் வித்தை எதுவும் இல்லை. சுவாசக் காற்றுக் கம்ப்ரசருக்கு மாறுவதே தீர்வு. சங்கமாகச் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்வது நடக்கக்கூடிய காரியம். அதுவரை இதில்தான் இறங்கியாக வேண்டும் என்கிற குடும்பங்கள் குறைந்தது இவற்றைச் செய்யட்டும்:

- உறிஞ்சு வாயைக் குழாய் வைத்து, எஞ்சினுக்குத் தூரமாக, காற்று வரும் பக்கம், உயரத்தில் கட்டுங்கள்.
- எஞ்சின் புகைக்குழாயை எதிர்ப்பக்கம் வெளியே நீட்டுங்கள்.
- தினமும் தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.
- மேலே இருக்கும் ஆள் கம்ப்ரசரை விட்டு நகரக் கூடாது. வள்ளம் திரும்பிப் புகை வாய்ப்பக்கம் வந்தால் உடனே குழாயை இழுத்துச் சைகை கொடுக்க வேண்டும்.
- கீழே தலை கனத்தாலோ குமட்டினாலோ அன்றைக்குக் குளியல் முடிந்தது. பழகிவிடும் என்று சொல்லி இறங்க வேண்டாம்.

தலைவலி வந்தால்

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், குழப்பம், கை கால் தளர்ச்சி. வெயில், பசி, படகு ஆட்டம் என்று காரணம் சொல்லித் தள்ளிவிடத் தோன்றும் அறிகுறிகள் இவை. ஒரே இடத்தில் நிரப்பிய சிலிண்டரோடு இறங்கிய இரண்டு பேருக்கு ஒன்றாக வந்தால் காற்றையே முதலில் சந்தேகியுங்கள்.

1. டைவை நிறுத்துங்கள். துணைவருக்குச் சைகை காட்டி, வழக்கமான வேகத்தில் இருவரும் மேலே வாருங்கள். துணைவரின் சிலிண்டரும் அதே கம்ப்ரசரில் நிரப்பியதாக இருக்கும். அதற்கு மாறினால் சரியாகும் என்று கீழேயே தங்காதீர்கள்.
2. படகில் ஏறியதும் முகமூடி வழியாக சுத்த ஆக்சிஜன் கொடுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.
3. படுக்கவையுங்கள். நடக்கவிடாதீர்கள். மயக்கமிருந்தால் மூச்சையும் நாடியையும் கவனியுங்கள்.
4. இந்தியாவில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். அறிகுறி குறைந்துவிட்டது என்று மருத்துவமனையைத் தவிர்க்காதீர்கள்.
5. மருத்துவரிடம் இரண்டு செய்தி சொல்லுங்கள்: சிலிண்டர் காற்றில் டைவ் செய்தார், கார்பன் மோனாக்சைடு என்று சந்தேகிக்கிறோம். கார்பாக்சி ஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும்; நஞ்சேறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும்.
6. அதே நாளில் நிரப்பிய சிலிண்டரோடு கீழே இருப்பவர்கள் எல்லோரையும் திரும்ப அழையுங்கள்.
7. பாதிக்கப்பட்டவரின் சிலிண்டரை மூடி, காற்றை வெளியேற்றாமல், அடையாளம் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சோதனைக்கு அந்தக் காற்று வேண்டும்.

கம்ப்ரசர் அறையில் ஒரு நோட்டு இருக்கட்டும். நிரப்பிய தேதி, மணிமானி, ஆயில் மட்டம், ஃபில்டர் மாற்றிய நாள், சோதனை எண்கள், கையெழுத்து. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி முதல் வரியை எழுதுங்கள்; சோதிக்காத சிலிண்டரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.